இன்னொரு தடவை சொல்லுங்க

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எங்கள் ஆம்புலன்ஸ் தப்பான இடத்துக்குப் போய்விட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் பூங்கா தெரு, அந்தப் பக்கம் பூங்கா சாலை. பூங்கா சாலையில் ஒரு வீட்டில் குழந்தை மூச்சு விட முடியாமல் கிடக்க, வண்டி பூங்கா தெருவில் நின்று சைரன் போட்டுக்கொண்டிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. எங்களால் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதால்.

அழைப்பை எடுத்தது போன மாதம் சேர்ந்த புதுப் பெண். காலையில் கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மனிதவள மேலாளர் வந்தால் எதற்கு வருவாள் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கூப்பிட்டார். நிறுவனத்தின் முதலாளி; நோயாளி பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார், ஆனாலும் எல்லோருக்கும் டாக்டர்தான். இரண்டு விஷயம் சொன்னார். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அடுத்து ஆள் எடுக்கும்போது இன்னும் கவனமாக அவரே பார்ப்பார். "ரெண்டு நிமிஷம் பேசினா எனக்குத் தெரிஞ்சிடும்மா."

இவளையும் அவர்தான் ரெண்டு நிமிஷம் பேசி எடுத்தார். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இரண்டு நாள் அவகாசம் மட்டும் கேட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பழைய நேர்காணல் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்தின் ஓரத்திலும் டாக்டர் எழுதிய வரி — "நல்லா வருவான்", "கண்ணைப் பார்த்துப் பேசல", "குரல் பிரமாதம்". அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினேன். நல்லா வருவான் என்று எழுதப்பட்டவர்களில் பாதிப் பேர் பயிற்சி முடியும் முன்பே போய்விட்டார்கள். சுமார் என்று எழுதப்பட்டவர்களிலும் பாதிப் பேர்தான். பூவா தலையா போட்டிருக்கலாம்.

என் குறிப்புகளும் அதே லட்சணம்தான். நானும் சேர்ந்துதானே உட்கார்ந்தேன்.

ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். மனம்போன போக்கில் பேசி ஆளை எடைபோடுவது அவ்வளவாகப் பலிப்பதில்லை; எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, செய்யப்போகும் வேலையிலேயே ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் ஓரளவு பலிக்கிறது — இதுதான் சாரம். சரி, எங்கோ யாரோ கண்டுபிடித்தது. எங்கள் அறையில், எங்கள் ஆட்களிடம் செல்லுமா? அதற்கு அந்த ஆய்வுகளில் பதில் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஒருத்தியை அனுப்பினால் அந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவர் இதே தப்பைச் செய்ய மாட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். விண்ணப்பிப்பவர்களுக்குப் போலி அழைப்புகள் கொடுத்துப் பார்ப்போம் என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான். "சரி. வச்சுப் பாருங்க. குளறுபடி ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்."

புதுப் பெண்ணை இப்போதைக்கு அனுப்பவில்லை. போன் தொடக் கூடாது. வண்டிகளின் மருந்துப் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை.

மார்ச் 10, திங்கள்

சாப்பாடு இறங்கவில்லை. யார் என்னை முந்திரிக்கொட்டை மாதிரி முந்தச் சொன்னது?

மார்ச் 12, புதன்

ரேடியோவோடு உட்கார்ந்து மூன்று போலி அழைப்புகள் தயார் செய்தோம். ரேடியோ எங்கள் மேற்பார்வையாளர். அணைக்க முடியாது, அதனால் அந்தப் பெயர். அவரே நெஞ்சுவலிக்காரராக நடித்துப் பதிவு செய்தார். நெஞ்சு வலியிலும் முகவரியைக் கதவு எண்ணோடு அழகாகச் சொன்னார். கேட்பவர் விவரங்களைத் திரையில் சரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். சரிக்கு மதிப்பெண், வேகத்துக்கு மதிப்பெண்.

எனக்கே பெருமையாக இருந்தது. இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நாத்தனார் விண்ணப்பித்திருக்கிறாளாம்.

என்னிடம் கேட்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்துத் தானே அனுப்பியிருக்கிறாள். கணவனை விட்டுப் பிரிந்து, மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகப் போகிறது. ஓரறையில் அம்மாவும் மகளும் ஒரு கட்டிலில். இன்று வரை ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை, ஆனால் குளியலறையில் தன் சோப்பைக்கூட வைத்துவிட்டு வரமாட்டாள், எடுத்துக்கொண்டு போய்விடுவாள். விருந்தாளி மாதிரி.

"அண்ணி, சிபாரிசு எதுவும் வேண்டாம். நானே பாத்துக்கறேன்," என்றாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

டாக்டரிடம் முதல் வேலையாக உறவைச் சொன்னேன். திருத்துவதில் நான் இல்லை; பெயருக்குப் பதில் எண் போட்டு ரேடியோவும் இன்னொரு ஷிப்டின் மேற்பார்வையாளரும் மதிப்பெண் போடட்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். "வீட்டுக்குள்ளேயே வினையைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

முதலிடம் அவள்தான்.

எண்ணுக்குரிய பெயரைப் பார்த்தபோது ரேடியோ மேசையைத் தட்டினார். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்; இரண்டிலும் அவளே. நான் கிட்டேகூடப் போகவில்லை. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டில் சொன்னதும் என் கணவர் தங்கையின் தலையில் கைவைத்தார். அவள் மகள் "அத்தை, அம்மாவும் இனிமே ஆபீஸா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் குதித்தாள். நாத்தனார் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டு மாடியைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். சமையலறையில் வெயில் வருமாம்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று தேநீர் வேளையில் ரேடியோ பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "நல்லவேளை, நம்ம கேள்விக்குறி இந்தப் பரீட்சைய எழுதல. தேறியிருக்காது."

கேள்விக்குறி எங்கள் பழைய ஊழியர். ஒரு அழைப்பில் பத்துக் கேள்வி கேட்பார். வேகம் போதாது என்று ரேடியோவுக்கு எப்போதும் மனத்தாங்கல். ஆனால் அவர் அனுப்பிய வண்டி வழி தவறியதாக ஒரு தடவைகூட நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் நான் எதை அளந்திருக்கிறேன்?

ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களிடம் இதை வைத்துப் பார்க்கவே இல்லையே. டாக்டரின் கணிப்பைத் தோண்டித் துருவியவள், என் கணிப்பை ஏன் தோண்டவில்லை? அவசரம். பெருமை. நியமன உத்தரவு அடுத்த வாரம் வியாழக்கிழமை கையெழுத்தாகும். விட்டுவிடலாமா? யாரும் கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கட்டுப்பாட்டு அறையில் ஏற்கெனவே இருக்கிற பதினோரு பேரும் எழுதினார்கள். பயிற்சி என்று சொல்லி வைத்தோம்.

முதலிடம் — புதுப் பெண். பூங்கா தெருவுக்கு வண்டி அனுப்பினவள். கடைசி இடம் — கேள்விக்குறி.

தட்டச்சு வேகத்தைத்தான் சோதித்திருக்கிறேனா? ஐயோ.

மார்ச் 31, திங்கள்

ஒரு பரீட்சையில் முதலும் கடைசியும் மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்று என்னையே அதட்டிக்கொண்டேன். இரண்டு மேற்பார்வையாளர்களையும் உட்காரவைத்து, பதினோரு பேரின் உண்மையான அழைப்புப் பதிவுகளைச் சிலது சிலதாகக் கேட்கச் செய்தேன். பரீட்சை மதிப்பெண்ணைக் காட்டவில்லை. ஒரே ஒரு விஷயம்: வண்டி கிளம்பும் முன் இடம் எது என்று உறுதி செய்தார்களா?

நானும் கூட உட்கார்ந்து கேட்டேன். உண்மையில் யாரும் ரேடியோ மாதிரி பேசுவதில்லை. அலறுகிறார்கள். பின்னால் தொலைக்காட்சி ஓடுகிறது. "தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, சீக்கிரம் வாங்க" — எந்தத் தொட்டி? கேள்விக்குறி கேட்கிறார். திட்டு விழுகிறது. மறுபடியும் கேட்கிறார். "இன்னொரு தடவை சொல்லுங்க. தெருவா, சாலையா?" மறுமுனையில் கெட்ட வார்த்தை. அவர் குரல் மாறவே இல்லை.

புதுப் பெண் வேகமாகத் தட்டுகிறாள். கேட்பதே இல்லை.

மதிப்பெண்ணையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒட்டவில்லை. பல பேருக்குத் தலைகீழ். பதினோரு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் இந்தப் பரீட்சையை நம்பலாம் என்று சொல்ல என் கையில் இப்போது ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

கணவரிடம் சொன்னேன். சமையலறைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீயா இழுத்து விட்டுக்கறே. அவ யாரையும் ஏமாத்தலியே. குடுத்த பரீட்சையத்தானே எழுதினா?"

ஆமாம். அவள் மேல் துளி குற்றம் இல்லை. நாளைக்கு ஒரு வண்டி தப்பான இடத்துக்குப் போய், எடுத்தது அவள் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அங்கே ஒரு குழந்தை கிடந்தால், அதன் அம்மாவிடம் யார் போய் நிற்பது? இவளேகூட அதைத் தாங்குவாளா?

அவர் குழாயை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஒழுகவே இல்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் அறைக்குள் போகும் முன் கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்றேன். போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மதிப்பெண்களையும் காட்டினேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகத்தில் ஒரு திருப்தி, மறைக்கவும் இல்லை. "அப்ப என் ரெண்டு நிமிஷமே மேல்ங்கறீங்க."

"இல்லை டாக்டர். உங்க முறையும் பலிக்கல, என் பரீட்சையும் பலிக்கல. ஆனா என்னுது எந்த இடத்துல தப்புன்னு தெரியுது. அதனால திருத்த முடியும்."

நானா பேசினேன்?

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாத்தனாரைப் பற்றித்தான் கேட்டார். "உங்க வீட்டுப் பொண்ணுதானே முதல்ல வந்தது? வீட்டுல என்ன சொல்லப் போறீங்க?"

தெரியாது என்றேன். அது ஒன்றுதான் இன்று நான் யோசிக்காமல் சொன்ன பதில்.

"உத்தரவை நிறுத்தி வைக்கறேன். இந்த மாசக் கடைசி வரைக்கும். அதுக்குள்ள முடிங்க."

ஏப்ரல் 3, வியாழன்

சொன்னேன். நாத்தனார் மகளின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கடைசிச் சட்டையையும் மடித்து, அடுக்கின் மேல் வைத்து, தடவிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"உலகத்துல எல்லாருக்கும் நடந்து முடிஞ்சப்புறம், எனக்குன்னு வர்றப்பதான் உங்களுக்கு இதெல்லாம் உறைக்குமா அண்ணி?"

மறுபடியும் பரீட்சை இருக்கிறது, நீயும் எழுதலாம் என்றேன். எவ்வளவு கேவலமாக ஒலித்தது அது. அவள் துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டில் பேச்சு இல்லை. அவள் மகள் வழியாகத்தான் தகவல்: "அத்தை, பால் முடிஞ்சிருச்சாம்."

ஏப்ரல் 11, வெள்ளி

புதிய பரீட்சை. உண்மையான அழைப்புகளைப் போலவே எழுதினோம், பெயரும் இடமும் மாற்றி. இந்தத் தடவை முகவரி கேட்டால்தான் வரும். சரியாகக் கேட்டால்தான் முழுசாக வரும். மறுமுனையில் ஆள் நேரடியாகவே பேச வேண்டும். ரேடியோ தன் மாமியாரைக் கூட்டி வந்தார். "நடிக்கவே தேவையில்ல. போன்ல எப்பவும் என்கிட்ட பேசற மாதிரி பேசச் சொன்னா போதும்," என்றார். அம்மாள் பேச ஆரம்பித்ததும் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் பழைய பயம். இதுவும் பலிக்காவிட்டால்?

ஏப்ரல் 16, புதன்

இந்த முறை எங்கள் ஆட்கள்தான் முதலில். பதிவுகளில் நன்றாக விசாரித்தவர்கள் பெரும்பாலும் இதிலும் மேலே வந்திருக்கிறார்கள். பெரும்பாலும்தான், இரண்டு பேர் விஷயத்தில் இப்போதும் பொருந்தவில்லை. அதையும் டாக்டரிடம் மறைக்கவில்லை. "நூத்துக்கு நூறு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

புதிய பரீட்சைக்கு நாத்தனார் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். எனக்கு முன்னாலேயே பேருந்து பிடித்து வந்து, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, அறிமுகமில்லாதவளைப் போல வணக்கம் சொன்னாள்.

நான் மாடியில் என் அறையிலேயே இருந்தேன். திரும்பும்போது நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரே பேருந்து, பக்கத்துப் பக்கத்து இருக்கை. மூன்று நிறுத்தம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தம்மா கத்த ஆரம்பிச்சதும் எனக்குக் கேள்வியே வரல. சரிங்க சரிங்கன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தேன். எங்க வீட்ல சத்தம் போட்டா அப்படித்தான் சொல்லுவேன். அதே மாதிரி."

எங்க வீடு என்று அவள் சொன்னது எங்கள் வீடு அல்ல. அவள் விட்டுவிட்டு வந்த வீடு. கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். இறங்கும் இடம் வந்துவிட்டது.

ஏப்ரல் 25, வெள்ளி

தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை. முதலிடத்தில் வந்தவர் முன்பு பேருந்தில் நடத்துநராக இருந்தவர். டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் முணுமுணுத்தார் — முகத்தில் களையே இல்லையாம், கண்ணைப் பார்த்தும் பேசவில்லையாம். சொல்லிவிட்டு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அவளிடம் நானே சொன்னேன். "தெரியும் அண்ணி," என்றாள். அவ்வளவுதான். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

செய்தது சரியா? சரி. பிறகு ஏன் திருடியவள் மாதிரி இருக்கிறது?

மே 12, திங்கள்

புதுப் பெண் மறுபடி போன் எடுத்தாள். இரண்டு வாரம் கேள்விக்குறி பக்கத்தில் உட்கார்ந்து பழகி, புதிய பரீட்சையும் எழுதினாள், டாக்டர் சம்மதித்துவிட்டார். விசாரிக்கக் கற்றுக்கொடுக்காமலேயே அவளை உட்காரவைத்திருக்கிறோம் என்பதை அவர் வாயாலேயே சொன்னார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். யாரோ பெரியவர் படியில் விழுந்துவிட்டார். அவள் முகவரி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது மறுமுனையில் வசை; காது கிழிகிற சத்தம் எனக்கே கேட்டது. கண்ணில் தண்ணீரோடு நான்காவது தடவையும் கேட்டாள். வண்டி சரியான வீட்டு வாசலில் நின்றது.

ஜூன் 3, செவ்வாய்

ஓட்டுநர்களை எடுக்க யாரோ விற்கும் ஆளுமைத் தேர்வு ஒன்று. பளபளப்பான புத்தகம். டாக்டர் புரட்டிவிட்டு என்னிடம் தள்ளினார்: "முதல்ல நம்ம ஓட்டுநர்கள்கிட்ட வச்சுப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

ஜூன் 15, ஞாயிறு

நாத்தனாருக்கு ஒரு கண் மருத்துவமனையில், வரவேற்பில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை சேர்கிறாள். அந்த மாடி வேறு யாருக்கோ போய்விட்டது, வேறு பார்க்கிறாள். அதுவரை இங்கேதான்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இதற்கு முன் ஏறி இறங்கிய ஒரு கம்பெனியின் கதையை அவளாகவே ஆரம்பித்தாள். நேர்காணலில் ஒரு பெரிய மனிதர், "நீங்க ஒரு பழமா இருந்தா என்ன பழமா இருப்பீங்க?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்றார் என் கணவர்.

"இதைக் கேட்டு எடுத்தவங்கள்ல எத்தனை பேரு இன்னும் இங்க இருக்காங்க சார்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, ஆள அனுப்பி வாசல் வரைக்கும் வழி காட்டினாங்க."

அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவள் மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை நீண்டு வந்து, நான் கேட்காமலே, இன்னொரு சப்பாத்தியை அதில் வைத்துவிட்டுப் போனது.